கழுத்துச் சாய்வு: இழுத்து விடும் முன் எலும்பைப் பார்க்க வேண்டிய குழந்தைகள்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 14 மாதம். ஆசனவாய் இல்லாமல் பிறந்தான். மறுநாளே கோவையில் அறுவை செய்து வயிற்றில் மலம் போக வழி வைத்தார்கள். பிறகு ஆசனவாய் அமைக்கும் அறுவையும் முடிந்தது. வயிற்று வழியை அடுத்த மாதம் மூடப் போகிறார்கள். ஒரு சிறுநீரகம் சிறியதாக இருக்கிறது என்று பிறந்தபோது எடுத்த ஸ்கேனில் சொன்னார்கள். தலை நிற்கத் தொடங்கிய நாளிலிருந்தே அவனுக்கு வலப்பக்கம் சாய்ந்தே இருக்கிறது. உரம் விழுந்திருக்கிறது என்று என் மாமியார் இரண்டு முறை உரம் எடுக்கச் செய்தார். பிறகு பிசியோதெரபியில் கழுத்தை இடப்பக்கமாக இழுத்து நீட்டும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு வாரமாகச் செய்கிறோம். பிள்ளை வீறிட்டு அழுகிறானே தவிர, மாற்றம் இல்லை. கழுத்தில் கட்டி எதுவும் தென்படவில்லை என்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்கலாம் என்று மருத்துவர் சொல்ல, இத்தனை சின்னப் பிள்ளைக்குக் கதிர் ஆகாது என்று வீட்டில் தடுக்கிறார்கள். பயிற்சியைத் தொடரலாமா? எலும்பில் குறை இருக்குமா? இருந்தால் அறுவைதான் வழியா? என் கணவர் எனக்கு அத்தை மகன். இதெல்லாம் அதனால் வந்ததா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கழுத்தை இழுக்கும் பயிற்சியை இன்றோடு நிறுத்துங்கள். உரம் எடுப்பதையும் நிறுத்துங்கள். எக்ஸ்ரே எடுங்கள், அதை வயிற்று வழியை மூடும் அறுவைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். உங்கள் மகனுக்கு எலும்பில் குறை இருக்கிறது என்று நான் இங்கிருந்தபடி முடிவு கட்டவில்லை. ஆனால் பிறவியிலேயே வேறு உறுப்பில் குறையோடு பிறந்த ஒரு குழந்தையின் கழுத்து சாய்ந்திருந்தால், எலும்பு சரியாக இருக்கிறது என்று படத்தில் தெரியும்வரை அதை எலும்புக் குறையாகவே கருதி நடந்துகொள்வதுதான் பாதுகாப்பானது. என் பதிலின் மற்ற பகுதியெல்லாம் இதற்கான காரணங்களும், இனி நீங்கள் செய்ய வேண்டியவையும்தான்.

கைக்குழந்தையின் தலை ஒரு பக்கம் சாய்ந்தால் பத்தில் எட்டு ஒன்பது பேர் முதலில் நினைப்பது தசையைத்தான். அப்படி நினைப்பதில் தவறில்லை. நல்ல ஆரோக்கியமான குழந்தைகளிடம் பெரும்பாலும் காரணம் அதுவே. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேட்டிலிருந்து நெஞ்செலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்கும் ஒரு நீண்ட தசை, பிறப்புக்கு முன்போ பிறப்பின்போதோ பாதிக்கப்பட்டு இறுகிப் போகிறது. தலை அந்தப் பக்கம் சாயும், மோவாய் எதிர்ப்பக்கம் திரும்பும். பிறந்து இரண்டு முதல் நான்கு வாரங்களில் அந்தத் தசையில் ஒரு சிறு உருண்டை தட்டுப்பட்டு, சில மாதங்களில் தானே கரைந்துவிடுவதும் உண்டு. தலைச்சன் பிள்ளைகளிடமும், புட்டம் முன்னே வந்த பிரசவங்களிலும் இது சற்று அதிகம். இத்தகைய குழந்தைகளுக்கு முதல் வயதுக்குள் முறையாகத் தசையை நீட்டிவிட்டால் பெரும்பாலோர் அறுவையின்றியே சரியாகிவிடுகிறார்கள். ஆகவே உங்கள் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தது தவறான வைத்தியம் அல்ல. அது வேறொரு நோய்க்குச் சரியான வைத்தியமாக இருக்கலாம் என்பதுதான் என் ஐயம்.

அந்த ஐயத்துக்கு உங்கள் கடிதத்திலேயே நான்கு காரணங்கள் இருக்கின்றன. கட்டி இல்லை, இப்போது இல்லாமலிருப்பது பெரிதல்ல, கரைந்திருக்கலாம், ஆனால் தசை இறுகியிருப்பதாகவும் யாரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகும் துளி மாற்றமில்லை. பிள்ளை ஆசனவாய் இல்லாமல் பிறந்தவன். ஒரு சிறுநீரகம் சிறியது. கடைசி இரண்டையும் கழுத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் என் மனம் தசையை விட்டு முள்ளெலும்புக்குப் போகிறது.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உண்டு. கரு உருவான மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள், முதுகுத்தண்டாக ஆகப்போகும் திசு துண்டு துண்டாகப் பிரிந்து, அந்தத் துண்டுகள் முள்ளெலும்புகளாக வடிவெடுக்கின்றன. இந்த வேலையில் இரண்டு விதமாகத் தவறு நேரலாம். ஒரு முள்ளெலும்பின் ஒரு பாதி உருவாகாமலே போய், மறுபாதி மட்டும் ஆப்பு வடிவில் நடுவில் நின்றுவிடலாம். ஒரு பக்கம் உயரமும் மறுபக்கம் குட்டையுமாக இருப்பதால் அதற்கு மேலுள்ளதெல்லாம் சாய்ந்துவிடும். அல்லது பிரிய வேண்டிய இரண்டு மூன்று எலும்புகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டையாகிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் வளராது, எதிர்ப்பக்கம் வளரும். வயது ஏற ஏறச் சாய்வும் கூடும். சில குழந்தைகளுக்கு முதல் முள்ளெலும்பின் வளையம் ஒரு பக்கம் வளராமலிருக்கும். வேறு சிலருக்கு அதே வளையம் மண்டையோட்டின் அடியோடு ஒட்டியிருக்கும். இதே வாரங்களில்தான் இதயமும் சிறுநீரகமும் ஆசனவாயும் உணவுக்குழாயும் உருவாகின்றன. அதனால் அந்தக் காலத்தில் நேர்ந்த ஓர் இடையூறு பல நேரம் ஒரே உறுப்போடு நிற்பதில்லை. முள்ளெலும்பு, ஆசனவாய், இதயம், மூச்சுக்குழாய் உணவுக்குழாய், சிறுநீரகம், கைகால் எலும்புகள் என்ற இந்தக் கூட்டத்தில் குறைந்தது மூன்றில் குறை இருந்தால் மருத்துவர்கள் அதை வாக்டெர்ல் என்று குறிப்பிடுவார்கள். உங்கள் மகனிடம் ஏற்கெனவே இரண்டு தெரிந்திருக்கின்றன. கழுத்து மூன்றாவதா என்று பார்க்காமல் விடக்கூடாது.

கழுத்து முள்ளெலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருப்பதைக் கிளிப்பல்–ஃபீல் குறைபாடு என்பார்கள். 1912இல் மோரிஸ் கிளிப்பல், ஆந்த்ரே ஃபீல் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர், கழுத்தே இல்லாதவர் போலத் தோன்றிய ஒரு தையற்காரரைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர் வந்தது. குட்டையான கழுத்து, பின்கழுத்தில் தாழ இறங்கிய முடிக்கோடு, திருப்ப முடியாத தலை என்று மூன்று அடையாளங்களை நூல்கள் சொல்லும். ஆனால் மூன்றும் ஒருசேரத் தெரிவது பாதிப் பேருக்கும் குறைவாகத்தான். ஆகவே ‘என் பிள்ளையின் கழுத்து நீளமாகத்தானே இருக்கிறது’ என்று யாரும் தேற்றிக்கொள்ள இடமில்லை.

ஒட்டிய எலும்பு அசையாது. ஆபத்து அதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் குடும்பத்தாருக்குப் புரியவைப்பதுதான் எங்களுக்குக் கடினமான வேலை. ஒரு சங்கிலியில் பல கண்ணிகள் துருவேறி இறுகிப்போனால், எஞ்சிய ஒரு கண்ணியே எல்லா வளைவையும் வாங்கித் தேய்ந்து தளர்ந்துபோகிறதல்லவா, கழுத்திலும் அதேதான் நடக்கிறது. தலையை இடவலமாகத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி, முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே நடக்கிறது. முதல் எலும்பு மண்டையோட்டோடும், இரண்டாவது எலும்பு மூன்றாவதோடும் ஒட்டியிருக்கும் குழந்தைக்கு, நடுவில் சிக்கிய அந்த ஒரே மூட்டு தளர்ந்து, முள்ளெலும்புகளின் நடுவே ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடம் நசுங்கும் நிலை வரலாம். இந்த இரண்டு ஒட்டுகளும் சேர்ந்து வருவதைக் கண்டால் எந்த முதுகெலும்பு மருத்துவரும் எச்சரிக்கையாகிவிடுவார். அப்படிப்பட்ட கழுத்தை ஒருவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தலையை எதிர்ப்பக்கம் இழுத்தால், இறுகிய தசை நீளாது. தளர்ந்த மூட்டுதான் இன்னும் தளரும். உரம் எடுக்கும்போது குழந்தையைச் சேலையில் கிடத்தி இருவர் இரு முனையையும் பிடித்து உருட்டுகிறார்கள் அல்லவா, அதில் தலைக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. உங்கள் மாமியார் அன்பினால் செய்ததில் நான் குறை காணவில்லை. அவர் காலத்தில் படம் எடுத்துப் பார்க்க வழியும் இல்லை. இப்போது இருக்கிறது என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இதுவரை செய்ததால் ஏதும் ஆகிவிட்டதோ என்று கலங்கவும் வேண்டாம்: கைகால்களை முன்பு போலவே அசைத்து, பிடித்து நின்று, சாப்பிட்டு விளையாடும் பிள்ளைக்குத் தண்டுவடம் நசுங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இனி, மருத்துவமனைக்குப் போகும் முன் வீட்டிலேயே நீங்கள் பார்த்துக் குறித்து வைக்கக்கூடியவை சில உண்டு. ஒன்றுக்கும் கழுத்தைத் தொட்டுத் திருப்ப வேண்டாம். வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போது அவனை முக்காலியில் உட்கார வைத்து, வெளிச்சம் பின்னாலிருந்து விழும்படி முதுகைப் பாருங்கள். இரு தோள்பட்டை எலும்புகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, ஒன்று மேலேறிக் கழுத்தோடு ஒட்டினாற்போல் நிற்கிறதா? பிறவியிலேயே இறங்காமல் மேலே தங்கிவிட்ட தோள்பட்டை எலும்புக்கு ஸ்பிரெங்கல் தோள் என்று பெயர். கிளிப்பல்–ஃபீல் உள்ளவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு இது கூடவே வருகிறது. அந்தப் பக்கக் கையைத் தலைக்கு மேல் முழுதும் தூக்க முடியாது. அடுத்து, பின்கழுத்தில் முடி எங்கே முடிகிறது என்று பாருங்கள். பிறகு அவனை மடியில் முன்னோக்கி உட்கார வைத்து, வீட்டில் யாராவது ஒருவர் பின்னால் நின்று ஒரு பக்கமாகவும் பிறகு மறுபக்கமாகவும் கிலுகிலுப்பையை ஆட்டட்டும். தலையை மட்டும் திருப்பிப் பார்க்கிறானா, அல்லது இடுப்போடு சேர்த்து உடம்பையே திருப்புகிறானா? இரண்டு பக்கமும் உடம்பைத் திருப்பினால் அது முக்கியமான செய்தி. தூங்கும்போது சாய்வு இருக்கிறதா என்பதும் முக்கியம். கண் தசைக் குறையால் சாயும் தலை, படுத்ததும் பெரும்பாலும் நேராகிவிடும்; ஒரு கண்ணை மூடினாலும் நேராகும். எலும்பினால் சாய்ந்தது எந்த நிலையிலும் மாறாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கையால் பொரியைப் பொறுக்கும்போது, மறு கை விரல்களும் தாமாகவே அதே போலக் குவிந்து பொறுக்குவது போல அசைகின்றனவா? கழுத்து எலும்பு ஒட்டிய சில குழந்தைகளிடம் இந்த இரட்டை அசைவைக் காணலாம். மிகச் சிறு குழந்தைகளிடம் இது ஓரளவு இயல்பே என்பதால் ஒருமுறை கண்டதும் பயப்பட வேண்டாம்; மருத்துவரிடம் சொன்னால் போதும். உங்கள் கைப்பேசியில் பிறந்தது முதல் எடுத்த படங்கள் இருக்கும். மாதத்துக்கு ஒன்றாக, முகம் நேராகத் தெரியும் படங்களைத் தனியே எடுத்து வையுங்கள். சாய்வு அப்படியே நிற்கிறதா, கூடிக்கொண்டே போகிறதா என்பதை எந்தக் கருவியையும்விட அந்தப் படங்கள் எங்களுக்குத் தெளிவாகக் காட்டும். இதைக் கேட்டு வாங்கிப் பார்க்காத மருத்துவரிடமும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.

எக்ஸ்ரே பற்றி உங்கள் வீட்டாரின் அச்சத்துக்கு வருகிறேன். ஒரு கழுத்து எக்ஸ்ரேயில் குழந்தை வாங்கும் கதிர், நாம் எல்லோரும் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சில வாரங்களில் இயல்பாக வாங்கும் அளவுக்குள் அடங்கிவிடும். (சொல்லப்போனால், கடல் மட்டத்திலிருந்து உயர உயர வானத்துக் கதிர் கூடும் என்பதால், கோத்தகிரிக்காரர்கள் மேட்டுப்பாளையத்துக்காரர்களைவிட அதைச் சற்று அதிகமாகவே வாங்கிக்கொண்டிருக்கிறோம்.) அதைத் தவிர்ப்பதற்காக எலும்பைப் பாராமல் கழுத்தை இழுப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. சிடி ஸ்கேனின் கதிர் பல மடங்கு அதிகம் என்பது உண்மை; அதனால்தான் அதை எல்லாருக்கும் எழுதுவதில்லை. எக்ஸ்ரேயில் எலும்புக் குறை தெரிந்து, அதன் வடிவத்தை முப்பரிமாணத்தில் அறிய வேண்டிய கட்டம் வந்தால் மட்டும், அந்தப் பகுதிக்கு மட்டும் எடுப்போம்.

14 மாதக் குழந்தையின் கழுத்து எக்ஸ்ரேயைப் படிப்பது எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். முள்ளெலும்பின் பெரும்பகுதி இந்த வயதில் குருத்தெலும்பு. படத்தில் அது வெற்றிடமாகவே தெரியும். அதனால் ஒட்டியிருக்கும் எலும்புகள் தனித்தனியாக இருப்பது போலத் தோன்றலாம். இரண்டாம் எலும்பிலிருந்து மேல்நோக்கி, முதல் எலும்பின் வளையத்துக்குள் நிற்கும் முளை, அதன் உடலோடு எலும்பாகச் சேர மூன்று முதல் ஆறு வயது ஆகும். அந்த இடைவெளியை முறிவு என்று தவறாகப் படிப்பவர்களும் உண்டு. சிறு குழந்தைகளில் இரண்டாம் எலும்பு மூன்றாவதன்மேல் சற்று முன்னே நகர்ந்தது போலத் தெரிவதும் பெரும்பாலும் இயல்பே. முதல் எலும்புக்கும் இரண்டாம் எலும்பின் முளைக்கும் இடையிலான இடைவெளி பெரியவர்களுக்கு 3 மில்லிமீட்டர் வரை, குழந்தைகளுக்கு 5 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். ஆகவே படம் எங்கே எடுத்தாலும், அதைக் குழந்தைகளின் எலும்பைப் பார்த்துப் பழகிய ஒருவர் படிக்க வேண்டும். தலை சாய்ந்திருப்பதால் தாடையும் பிடரி எலும்பும் மேலே விழுந்து மறைக்கும். படம் தெளிவாக இல்லையென்றால் இன்னொரு கோணத்தில் எடுக்கச் சொல்வார்கள், தயங்க வேண்டாம். தலையை நேராக்கிப் பிடியுங்கள் என்று யாராவது சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் படம் தேவைப்பட்டாலும், தரையில் பொம்மையை வைத்தும் தலைக்கு மேல் பிடித்தும் அவனாகவே அசையும்போது எடுப்பதுதான் முறை. நீங்கள் கருவுற்றிருக்க வாய்ப்பிருந்தால் எக்ஸ்ரே அறையில் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேறு யாரையாவது அனுப்புங்கள்.

எம்.ஆர்.ஐ. விஷயத்தில் உங்களுக்கு ஒரு யோசனை. ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு, தண்டுவடத்தின் கீழ்நுனி இழுபட்டு ஒட்டியிருக்கிறதா என்று இடுப்புப் பகுதி முதுகெலும்பைப் பார்ப்பது வழக்கம். உங்கள் மகனுக்கு அது ஏற்கெனவே எடுக்கப்பட்டதா என்று கோப்பைப் பாருங்கள். எடுக்கப்படவில்லை என்றால், கழுத்திலிருந்து இடுப்பு வரை முழு முதுகெலும்பையும் ஒரே தடவையில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கருவிக்குள் இந்த வயதுக் குழந்தை அசையாமல் கிடக்காது. மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு முறை மயக்கம் கொடுப்பதை ஒரு முறையாக்கலாம் என்றால் அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. எம்.ஆர்.ஐ.யில் கதிர் கிடையாது என்பதை வீட்டில் சொல்லலாம்.

இனி அடுத்த மாத அறுவை. உங்கள் கேள்விகளில் நீங்கள் கேட்காத இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப்படுகிறது. மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதற்குத் தலையைப் பின்னுக்குச் சாய்ப்பார்கள். கழுத்து வளையாத குழந்தைக்குக் குழாய் செருகுவது கடினம். மேல்கழுத்து மூட்டு தளர்ந்திருக்கும் குழந்தைக்கு அப்படிச் சாய்ப்பது ஆபத்து. முன்கூட்டியே தெரிந்தால் மயக்க மருத்துவர் கழுத்தை அசைக்காமல் செருகும் கருவிகளோடு தயாராக இருப்பார். முன்பு இரண்டு அறுவைகள் சிக்கலின்றி முடிந்திருப்பது ஓரளவு நம்பிக்கை தரும் செய்தியே. ஆனால் அப்போது தலை சாய்வது தெரிந்திருக்கவில்லை அல்லது யாரும் கேட்கவில்லை. ஆகவே அறுவை மருத்துவரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். மயக்க மருத்துவர் பரிசோதிக்கும் நாளில் அவரிடமே, ‘பிள்ளைக்குக் கழுத்து சாய்ந்திருக்கிறது, முள்ளெலும்புக் குறை உண்டா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்று நேராகச் சொல்லுங்கள். கோப்பின் முதல் பக்கத்தில் அதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். கழுத்துப் படத்துக்காக அறுவை இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் நட்டமில்லை, வயிற்று வழி அதுவரை காத்திருக்கும்.

எங்கே போவது என்பதற்கு: உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பியல் பிரிவிலும் குழந்தைகள் பிரிவிலும் காட்டி, எக்ஸ்ரேயை அங்கேயே தொடங்கலாம். குழந்தைகளின் பிறவிக் குறைகளையும் பிற நோய்களையும் கண்டறிய 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லுங்கள், டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட மையத்துக்கு அவர்கள் வழியனுப்புவார்கள், காது, கண், வளர்ச்சி எல்லாவற்றையும் அங்கே சேர்த்துப் பார்க்கலாம். முள்ளெலும்புக் குறை உறுதியானால் கோவையில் முதுகெலும்பு அறுவைப் பிரிவு உள்ள ஓரிடத்தில், முடிந்தால் ஏற்கெனவே அவனுக்கு அறுவை செய்த இடத்திலேயே, தொடர்ந்து காட்டுவது நல்லது. எல்லாத் தாள்களும் ஒரே கோப்பில் இருப்பது இந்தக் குழந்தைகளுக்குப் பெரிய பலம்.

மலையிறங்கிப் போகும் வழியைப் பற்றியும் கொஞ்சம். பேருந்தில் பின்வரிசை இருக்கை வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளிலும் வேகத்தடைகளிலும் அங்கேதான் தூக்கிப் போடும். நடுவில் உட்கார்ந்து, பிள்ளையின் முதுகும் பிடரியும் உங்கள் நெஞ்சில் சாயும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காரோ வாடகைக் காரோ என்றால் பின்னோக்கிய குழந்தை இருக்கை மிகவும் நல்லது. சாய்வுக்காக என்று மருந்துக்கடையில் விற்கும் கழுத்துப் பட்டையை வாங்கி மாட்டாதீர்கள். இந்த வயதுக்கு அது பொருந்தாது, பிறவி எலும்புச் சாய்வை எந்தப் பட்டையும் நேராக்காது. ஊரில் முதுகில் துணியால் கட்டித் தூக்கி இறக்கத்தில் நடக்கும்போது தலை துணிக்கு வெளியே ஆடும். விடை தெரியும்வரை முன்பக்கமாக, தலையைத் தாங்கித் தூக்குங்கள். தூளியைவிடத் தட்டையான படுக்கை மேல். மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுவதை மாமன்மார் நிறுத்தட்டும்.

எலும்புக் குறைதான் என்று தெரிந்தால் என்ன? சாய்வுக்கு உடனே அறுவை என்று பொருளில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு முதலில் செய்வது கண்காணிப்புதான்: ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ படம் எடுத்துச் சாய்வின் கோணத்தை அளப்பது, மூட்டு தளர்கிறதா என்று பார்ப்பது. ஒன்றிரண்டு எலும்புகள் கீழ்க்கழுத்தில் ஒட்டியிருப்பவர்கள் பலர் அது இருப்பதே தெரியாமல் முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார்கள். ஆப்பு எலும்பினாலோ ஒருபக்க ஒட்டினாலோ சாய்வு ஆண்டுக்கு ஆண்டு கூடி முகமும் கோணத் தொடங்கினால், அல்லது மேல்கழுத்து மூட்டு தளர்ந்து தண்டுவடத்தைத் தொட்டால், அப்போது அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். கழுத்து ஆப்பு எலும்பை எடுத்து நேராக்கும் அறுவை பெரிய அறுவை. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அந்த எலும்பை ஒட்டியே போவதாலும், இக்குழந்தைகளில் அது வழிமாறிப் போவதும் உண்டு என்பதாலும், அதைத் தொடர்ந்து செய்துவரும் குழுவிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். ஸ்பிரெங்கல் தோளாக இருந்து கை தூக்க முடியாவிட்டால், அதை இறக்கும் அறுவையை மூன்று வயதுக்கு மேல் எட்டு வயதுக்குள் செய்வார்கள், அவசரமில்லை.

கழுத்தில் எலும்பு ஒட்டியிருப்பது உறுதியானால் வேறு மூன்றைப் பார்த்தே ஆக வேண்டும். இத்தகையவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகத்தில் குறை. அது உங்கள் மகனுக்குத் தெரிந்துவிட்டது, ஆண்டுதோறும் ஸ்கேனும் இரத்த அழுத்தமும் பாருங்கள். ஏறக்குறைய அதே அளவு பேருக்குக் காது கேட்பதில் குறை. பேச்சு தாமதமாகும்வரை காத்திராமல் இப்போதே செவித்திறன் சோதனை செய்யுங்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு முதுகு பக்கவாட்டில் வளைகிறது. அதனால்தான் முழு முதுகெலும்பையும் படமெடுக்கச் சொன்னேன். பிறந்தபோது இதய எக்கோ எடுக்கப்படவில்லை என்றால் அதையும் இந்தச் சுற்றிலேயே முடித்துவிடுங்கள்.

எந்த நாளிலும் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் உண்டு. நின்றவன் நிற்க மாட்டேன் என்கிறான், ஒரு கையையோ காலையோ குறைவாக அசைக்கிறான், கால்கள் விறைக்கின்றன, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, விழுந்தபின் கழுத்தை அசைக்க விடாமல் அழுகிறான் என்றால் அன்றே போங்கள். தொண்டைக் காய்ச்சலோ சளியோ வந்து சில நாளில் சாய்வு திடீரென்று கூடினாலும் அப்படித்தான். தொண்டை அழற்சி மேல்கழுத்து மூட்டின் தசைநார்களைத் தளர்த்தி, முதல் எலும்பு திரும்பிய நிலையில் பூட்டிக்கொள்ளும். சில நாட்களுக்குள் பார்த்தால் எளிதில் சரியாகும், வாரக்கணக்கில் விட்டால் கடினம். சாய்வோடு காலைநேர வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் தலைக்குள் பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்கும் ஒரு சொல். காது மடலுக்கு முன் தோல் மொட்டோ, ஒரு பக்க முகம் சிறுத்தோ பிறந்த குழந்தைகளுக்கும் இந்தப் பதில் முழுதும் பொருந்தும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு எலும்பு ஒட்டுவதைவிட, முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலான தசைநார் தளர்வதே பெரிய கவலை. எக்ஸ்ரேயில் அப்படித் தெரிபவர்கள் பத்தில் ஒருவர் முதல் இருவர் வரை, உண்மையில் தொல்லைப்படுபவர்கள் அதிலும் சிலரே. அவர்களுக்கும் குட்டிக்கரணமும் தலைச்சுமையும் கூடாது.

படத்தில் எலும்பு முற்றிலும் சரியாக இருந்தால் மகிழ்ச்சி. தசையைத் தொட்டுப் பார்த்து, கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, அதே பிசியோதெரபிஸ்டிடம் அதே பயிற்சியை அச்சமின்றித் தொடரலாம்.

கடைசியாக, சொந்தத்தில் மணந்ததைப் பற்றி. பெரும்பாலான முள்ளெலும்புக் குறைகளும் வாக்டெர்ல் கூட்டமும் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் திடீரென்று ஒரு பிள்ளைக்கு வருபவை. கழுத்து எலும்பு ஒட்டுவதில் மிகச் சில வகைகள் மட்டும் நெருங்கிய உறவுத் திருமணங்களில் அதிகம் வரும் மரபு வகை. உங்கள் மகனுக்கு எது என்று படங்கள் வந்தபின் ஒரு மரபியல் மருத்துவர்தான் சொல்ல முடியும். கோவைக்குப் போகும்போது கேட்டுவிடுங்கள். கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ, கர்ப்பத்தில் கனமான வேலை செய்ததாலோ இது வராது. அப்படி யாராவது உங்களைக் குத்திப் பேசினால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். கருவின் முதல் வாரங்களில் கட்டுப்படாத சர்க்கரை நோய் இருப்பது முள்ளெலும்புக் குறைகளோடு தொடர்புடையது என்பது உறுதியாகத் தெரிந்த ஒன்று. ஆகவே அடுத்த குழந்தைக்கு முயலும் முன்பே உங்கள் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குங்கள், 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் முதுகெலும்பையும் சிறுநீரகங்களையும் கூர்ந்து பார்க்கும்படி இந்த மகனின் விவரத்தை ஸ்கேன் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.